சுண்டுவிரல் அளவு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோரீனின் பாரில் மீன் வறுபடும் நேரத்தில் ஒரு திருட்டு நடக்கும். கெல்னர் துறை என்கிற அந்தச் சின்னத் துறைமுக ஊரில் அது இருபது வருஷத்துப் பழக்கம். டோர்ன் கம்பிப் பட்டறையில் கடைச் சாமான் திருடு போகாமல் வைக்கிற ஸ்டாண்டு ஒன்றைப் புதிதாகச் செய்து முடித்தால், கடைகளுக்கு அனுப்புவதற்கு முன் முதலாளி எல்மர் டோர்ன் தானே அதைத் தூக்கிக்கொண்டு வந்து பார் மேடையில் வைப்பார். உள்ளே பிளேடு பாக்கெட்டோ பேட்டரியோ உதட்டுச் சாயமோ அடுக்கியிருக்கும். மணி அடிக்காமல், ஸ்டாண்டு ஆடாமல் ஒன்றை உருவி எடுப்பவருக்கு அன்றைக்குப் பீர் இலவசம். பட்டறை ஆட்கள், அவர்கள் பெண்டாட்டிகள், ஊர்ப் பாதிரியார் என்று யார் வேண்டுமானாலும் திருடிப் பார்க்கலாம். பாதிரியார் ஒருமுறை கையை விட்டு மாட்டிக்கொண்டு, மணிச் சத்தம் அடங்குவதற்குள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார்.

அந்த ஊரிலேயே பெரிய திருடி ஆர்லிஸ். ஸ்டாண்டுகளை வரைகிற வெர்னன் ஜாஸ்ட்ரோவின் மனைவி. புருஷன் பூட்டுவான், பெண்டாட்டி திறப்பாள் என்று ஊரே சிரிக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசைகிற வேலை அவளுக்கு. விரல்கள் மெலிந்து நீண்டவை, ஆனால் வலுவானவை. அவள் பாருக்குள் நுழைந்தாலே யாராவது, "பர்ஸை எடுத்து உள்ள வைங்கப்பா, கள்ளி வந்துட்டா!" என்று கத்துவார்கள். "உன் பர்ஸுல என்னடா இருக்கு, பழைய லாட்டரிச் சீட்டுதானே?" என்பாள் அவள்.

கடைத்திருட்டை ஒரு பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் சமாசாரம் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒன்றுக்காக எந்தக் கடைக்காரனும் டோர்ன் பட்டறைக்கு வந்து நிற்கப்போவதில்லை. கொக்கியில் தொங்கும் பத்துப் பன்னிரண்டையும் ஒரே இழுப்பில் வழித்துக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு போகிறவன்தான் அவனுக்குப் பிரச்சினை. வாங்க வந்தவருக்கு எரிச்சல் வரக் கூடாது, வழிக்க வந்தவனுக்கு அலுத்துப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வெர்னனின் பிழைப்பு. கம்பி வளைக்கிற மெஷினில் பதினோரு வருஷம் நின்று, பிறகு பென்சில் பிடித்து மேஜைக்கு வந்தவன். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. அதை யாரும் சொல்லிக் காட்டியதில்லை. அவனாகவே நாளுக்கு இரண்டு தடவை நினைத்துக்கொள்வான்.

புது ஸ்டாண்டு எதுவானாலும் முதலில் அவன் வீட்டுச் சமையலறை மேஜைக்குத்தான் வரும். ஆர்லிஸ் அடுப்பில் வெங்காயத்தை வதக்கிக்கொண்டே ஒரு கையால் அதைத் தடவிப் பார்ப்பாள். "இது நம்ம ரொட்டி டப்பாவ விட லேசா இருக்கு, வெர்ன்," என்று சொன்னாளென்றால் அவன் மறுபடி வரைய உட்கார வேண்டியதுதான். அப்படி அவள் விரல் பட்டுத் திருந்திய ஸ்டாண்டுகள் முப்பதாவது இருக்கும். வரைபடத்தின் கீழ்மூலையில் வெ. ஜாஸ்ட்ரோ என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.

போன அக்டோபரில் பிளேடு ஸ்டாண்டு வந்தது. ஒரு பெரிய மருந்துக்கடைக் கம்பெனி எண்பது கடைகளுக்குக் கேட்டிருந்தது. அதற்கு முந்தின இரண்டு ஸ்டாண்டுகளும் தோற்றுத் திரும்பியிருந்தன. சிகாகோவிலிருந்து என்ஜினியரிங் படித்த பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பேசப்போவதாக டோர்ன், வெர்னன் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். வெர்னனுக்கு அந்த மாதம் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் வரைந்ததில் அவனுக்கே பெருமை. ஒரு இரும்புக் கூடு. உள்ளே பாக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று. பக்கத்தில் ஒரு குமிழ். அதை முழுச் சுற்று திருகினால் அடியிலிருக்கும் வாய் வழியாக ஒரு பாக்கெட் விழும், கணீரென்று மணி அடிக்கும். வாய்க்குப் பின்னால் ஒரு தகடு தொங்கி, கை உள்ளே போகாதபடி மறித்துக்கொள்ளும். விழுந்ததைத் திரும்ப உள்ளே திணிக்கவும் முடியாது. அந்தத் தகட்டின் கீலைக் கூட்டோடு வெல்டு வைத்தவன் லீராய் பிரிபில், ஆர்லிஸின் தம்பி, பத்தொன்பது வருஷமாக அங்கே வெல்டர்.

அந்த ஸ்டாண்டை மட்டும் வெர்னன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பயம். நேராகப் பாருக்குத்தான் போனது. ஆர்லிஸ் மேடைக்கு வந்து மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் மணி அடித்தது. நான்காவது முறை கையைத் தூக்கிவிட்டு, "என்னால ஆகாதுப்பா, இவன் என்னைய ஜெயிச்சுட்டான்!" என்றாள். பாரே எழுந்து தட்டியது. டோர்ன் வெர்னனின் முதுகில் அறைந்தார். சிகாகோப் பையனின் பேச்சு அத்தோடு நின்றது. அன்றைக்குத்தான் வெர்னன் தன் வாழ்நாளிலேயே அதிகமாகச் சிரித்திருப்பான்.

மார்ச் மாதம், தவக்காலத்து இரண்டாவது வாரம். துறைமுகத்தில் பனிக்கட்டி பாளம் பாளமாகப் பிளந்துகொண்டிருந்தது. ரோடெல்லாம் பாதி உருகிய பனிச் சேறு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டோர்ன் இரண்டு பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெர்னன் பென்சிலைக் காதில் செருகியபடி போனான். லீராய் தோல் அங்கியைக் கழற்றாமலே வந்து கதவோரம் நின்றான்.

"உக்காருங்க. கடைக்காரன் ஒரு கேசட் அனுப்பியிருக்கான்," என்றார் டோர்ன். "நம்ம பிளேடு ஸ்டாண்டு. ப்ளஃப் ரோட்டுல இருக்கற கடை. மாசக் கடைசியில எண்ணிப் பாத்தா மூணு பாக்கெட் குறையுது. மூணுதானேன்னு விட்டிருப்பான். ஆனா மணியே அடிக்கலைங்கறான்."

"அடிக்காம எப்பிடி?" என்றான் வெர்னன்.

"அதத்தான் நானும் கேட்டேன். பாரு."

கோப்புப் பெட்டி மேலிருந்த டீவியில் படம் ஓடியது. கூரையில் மாட்டிய கேமரா. தெரிந்ததெல்லாம் ஸ்டாண்டின் தலை, ஒரு கருநீலக் கோட்டின் கை, அதற்குள்ளிருந்து நீண்ட விரல்கள். அந்தக் கோட்டை அந்த மாவட்டத்தில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள். கை குமிழைப் பாதி திருகி அப்படியே நிறுத்தியது. சுண்டுவிரல் வாய்க்குள் போய் எதையோ மேலே தூக்கிப் பிடித்தது. பாக்கெட் பூனைபோல இறங்கி உள்ளங்கைக்கு வந்தது. பிறகு அந்தக் கை, போவதற்கு முன், ஸ்டாண்டின் தலையில் மெதுவாக இரண்டு தட்டு தட்டியது.

வெர்னனுக்கு அந்தத் தட்டு தெரியும். மாவு டப்பாவை மூடினால் இரண்டு தட்டு. அடுப்புக் கதவைச் சாத்தினால் இரண்டு தட்டு. படுக்கையை விரித்தால் தலையணையில் இரண்டு தட்டு. இருபத்தாறு வருஷமாக அவன் பார்த்துக்கொண்டிருக்கிற தட்டு. பாரில் யாருக்கும் அது தெரியாது, அங்கே ஆர்லிஸ் பாக்கெட்டை உயர்த்திப் பிடித்து ஆட்டுவதோடு சரி. வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

டோர்ன் இன்னும் இரண்டு துண்டுகள் ஓடவிட்டார். மூன்றும் வேறு வேறு செவ்வாய்க்கிழமைகள். அதே கோட்டு, அதே தட்டு.

"எவனோ நல்ல தேர்ச்சி பெத்தவன்," என்றார் டோர்ன். "அவன் யாருங்கறது கடைக்காரன் பாடு. எண்பது ஸ்டாண்டையும் திருப்பி அனுப்பறேங்கறான், அதுதான் என் பாடு. அந்தத் தகடு எப்பிடி மேல போகுது? வெர்னன், வரைபடத்துல தப்பா?"

இங்கேதான் வெர்னன் ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். வாயின் அகலத்தை எப்படி வைத்தான் என்பது அவனுக்குத் தெரியும். தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான், நுழையவில்லை, கோடு போட்டுவிட்டான். கம்பி வளைத்துத் தடித்த விரல் அது. மாவு பிசைகிற பெண்ணின் விரல் என்று ஒன்று உலகத்தில் இருப்பது, தினமும் அதைக் கையில் பிடிக்கிறவனுக்கு, அந்த ஒரு நாள் மறந்துபோயிருந்தது.

"வரைபடம் சரியாத்தான் இருக்கு," என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "வெல்டு... விட்டிருக்கலாம்."

டோர்ன் லீராய் பக்கம் திரும்பினார். லீராய் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் நின்று வெறும் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி வெர்னனைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ஏதோ விலாசம் கேட்டவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"என்னப்பா, விட்டிருக்குமா?"

"விட்டிருக்கலாம்," என்றான் லீராய்.

"எண்பதுலயுமா?"

"ஒரே அச்சுல வெச்சு அடிச்சதுதானே. ஒண்ணுல விட்டா எல்லாத்துலயும் விட்டிருக்கும்."

டோர்ன் நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எண்பது ஸ்டாண்டு என்பது அந்தப் பட்டறையின் பாதி வருஷம். "நீ வீட்டுக்குப் போ, லீராய். இப்போதைக்குப் பழைய ஆளு ஒருத்தன வரச் சொல்லி எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி வெக்கணும். அப்புறமா பேசிக்கலாம். அப்புறம்னா என்னன்னு எனக்கே தெரியல."

லீராய் அங்கியை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். முகமூடியைத் துடைத்து வைத்தான். வெர்னனைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனான். "வரேன் மச்சான்" என்று சொல்லாமல் அவன் போனது அதுதான் முதல் தடவை.

அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெர்னன் நாள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சாப்பாட்டு வேளையில் சொன்னான், கழிப்பறையில் கை கழுவும்போது சொன்னான். மூன்று மணிக்கு மேல் அதை நம்புவது கஷ்டமாகிவிட்டது. அவளைக் காப்பாற்ற நினைத்தவன் வரைபடத்தில் தப்பு என்று சொல்லியிருந்தாலும் அவள் காப்பாற்றப்பட்டிருப்பாள். லீராயும் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டான், பார்த்துவிட்டுத்தான் தலையைக் கொடுத்தான். இது அவனுக்கு விளங்கியபோது பென்சில் முனை ஒடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். பிளேடு பாக்கெட் மூன்று. இரண்டு பிரிக்காதவை. மூன்றாவது திறந்திருந்தது. அதிலிருந்து எடுத்த பிளேடால்தான் காலையில் சவரம் செய்திருந்தான். தாடையைத் தடவிப் பார்த்தான், வழவழவென்று இருந்தது.

ஆர்லிஸ் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவன் மூன்று பாக்கெட்டுகளையும் மேஜையில் வைத்தான். அவள் பார்த்தாள். கத்தி நின்றது.

"பாத்துட்டாங்களா?" என்றாள்.

"கேமரா இருக்கு. உன் கை மட்டுந்தான் விழுந்திருக்கு. டோர்னுக்குத் தெரியல."

அவள் ஈரக் கையை இடுப்பில் கட்டிய துண்டில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"ஏன் ஆர்லிஸ்? நமக்கென்ன பிளேடு வாங்க வக்கில்லையா?"

"வாங்கத்தான் போனேன். அது மொத தடவை." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஒரு வேளை நீ மாத்தியிருப்பியோன்னு விரல வெச்சுப் பாத்தேன். மாத்தல. கைக்கு வந்துருச்சு. திரும்ப உள்ள வெக்கலாம்னா போகல, நீ அப்பிடிப் பண்ணி வெச்சிருக்க. கல்லாவுல பாத்தா நம்ம கோயில் பாட்டுக்குழு மார்ஜ் நிக்கறா. மணி அடிக்காம பாக்கெட்டோட போய் நின்னா, ஏண்டி, இது எப்பிடி வந்துதுன்னு கேப்பா. உன் ஸ்டாண்டு அங்கயே நாறிப் போகும். பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"நீ மாத்தியிருப்பியோன்னா..." வெர்னனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்டோபர்லயே உனக்குத் தெரியுமா?"

அவள் கத்தியை எடுத்து மறுபடி கீழே வைத்தாள்.

"பாருல. மூணு தடவை மணி அடிச்சதே."

"மொத தடவை தொட்டப்பவே தெரிஞ்சுது, வெர்ன். சுண்டுவிரல் போகுது. உன் மூஞ்சியப் பாத்தேன். சின்னப் புள்ள பரிசுக்கு நிக்கற மாதிரி நின்ன. நான் என்ன பண்ணட்டும்?"

வெளியே பனிச் சேற்றில் ஒரு லாரி சறுக்கிக்கொண்டே போனது. வெர்னன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் முதுகில் விழுந்த அறை, கைதட்டல், அந்தச் சிரிப்பு எல்லாமே இவள் போட்ட பிச்சை. திருடியது அவள்தான், ஆனால் வெட்கம் தன் மேல் வந்து இப்படி உட்கார்ந்துகொள்ளும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"சரி, மொத தடவை அப்பிடி. மத்த ரெண்டு?"

அவள் முகம் சிவந்தது. "அதுக்குக் காரணம் கேக்காத."

"சொல்லு."

"பிடிச்சிருந்துது." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "இருபது வருஷமா ஊரே கள்ளி கள்ளின்னு சிரிக்குது. நானும் சிரிக்கறேன். ஒரு தடவ நெசமாவே கள்ளியா இருந்தா எப்பிடி இருக்கும்னு... கைக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கு, அத யாருக்கும் சொல்ல முடியல, உங்கிட்டகூட. அங்க போனா மட்டும் அந்தக் கைக்கு வேலை இருந்துது. வெளிய வந்து கார்ல உக்காந்தா அழுகை வரும். அடுத்த செவ்வாக்கிழமை மறுபடி போவேன். அசிங்கமாத்தான் இருக்கு. போதுமா?"

போதும் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் விடவில்லை.

"ஸ்டாண்டு தப்புன்னு டோர்ன் கத்தியிருப்பாரே. நீ என்ன சொன்ன?"

வெர்னன் உருளைக்கிழங்குத் தோலை எடுத்து விரலில் சுற்றினான்.

"வெர்ன். என்ன சொன்ன?"

"வெல்டு விட்டிருக்கலாம்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு எழுந்துவிட்டாள். "லீராய் பேரச் சொன்னியா? எங்க லீராயா?"

"பேரச் சொல்லல. வெல்டுன்னுதான்..."

"அங்க வேற எவன் வெல்டு வெக்கறான்? அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவனும் பாத்தான். தட்டுனத. விட்டிருக்கலாம்னு அவனே ஒத்துக்கிட்டான். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

ஆர்லிஸ் கோட்டை எடுக்கப் போனாள். வெர்னன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். ரெண்டு நாள் குடு என்றான். இப்போ போய்ச் சொன்னா எம்பது ஸ்டாண்டும் போகும், என் வேலையும் போகும், உன்னையும் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாங்க என்றான். ஸ்டாண்டின் வாயைக் கொஞ்சம் குறுக்கி, வெல்டுக்காகத்தான் மாற்றியது என்று சொல்லி, ஓசையில்லாமல் சரிபண்ணிவிடுகிறேன், டோர்ன் லீராயைத் தானாகவே திரும்பக் கூப்பிடுவார் என்றான். கெஞ்சினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். நாற்பத்தொன்பது வயது ஆள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்," என்றாள் அவள். கையை விடுவித்துக்கொண்டாள்.

புதனும் வியாழனும் வெர்னன் பட்டறையில் ஒன்றும் செய்யவில்லை. ஓய்வுபெற்ற வெல்டர் ஹூபர்ட் கிழவர் வந்து, பக்கத்துக் கடைகளிலிருந்து திரும்பி வந்த ஸ்டாண்டுகளில் லீராயின் வெல்டுகளை ஒவ்வொன்றாகச் சாணை பிடித்து எடுத்தார். சாணைச் சத்தம் வரைபட மேஜை வரை வந்து பல்லைக் கூசவைத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கிழவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெர்னனிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. இந்த வெல்டப் பிரிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு சாணைக்கல்லு தேஞ்சு போச்சு. இதா விட்டிருக்கும்?"

"சிலதுல விட்டிருக்கும்," என்றான் வெர்னன்.

"எதுல? எனக்கு ஒண்ணக் காட்டு."

"வேலையிருக்கு ஹூபர்ட்."

கிழவர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். வாயைக் குறுக்குகிற புது வரைபடத்தை வெர்னன் நான்கு முறை போட்டான். டோர்னிடம் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. ஏன் குறுக்கினாய் என்று அவர் கேட்டால் ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் நாக்குக்கு வராததால் வரைபடம் இழுப்பறையிலேயே கிடந்தது. இரண்டு நாளும் சாயங்காலம் லீராய் வீட்டு வழியாகக் காரை மெதுவாக ஓட்டினான். விளக்கு எரிந்தது. நிறுத்தாமல் வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே டோரீனின் பார் நிறைந்துவிட்டது. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறி கிடையாது, மீன்தான், அதனால் அப்படித்தான். எண்ணெயில் மீன் பொரிகிற வாசனை, முட்டைக்கோஸ் கலவை, ரை ரொட்டி, கோட்டுகளிலிருந்து சொட்டும் பனித் தண்ணீர். லீராயும் அவன் மனைவி ஜோனியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஜன்னலோர மேஜையில் இருந்தார்கள். வரவேண்டாம் என்றுதான் லீராய் சொன்னானாம். நாம என்ன திருடினோமா, எதுக்கு வீட்டுக்குள்ள உக்காரணும் என்று ஜோனி இழுத்து வந்திருந்தாள்.

"லீராய், உன் வெல்டு வாயப் பொளந்துருச்சாமே!" என்று மேடையிலிருந்து ஒருவன் கத்தினான். கெட்ட எண்ணமில்லை, எல்லோரையும் அப்படித்தான் கேட்பான். லீராய் பீர் குவளையை லேசாகத் தூக்கிக் காட்டினான். ஜோனி காட்டவில்லை. பெரிய பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும், அப்பாவை எல்லோர் முன்னும் கேலி செய்வது புரிகிற வயது.

வெர்னன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மேடையின் அந்தக் கோடிக்கு நகர்ந்தான்.

டோர்ன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹூபர்ட் மறுபடி வெல்டு வைத்தது. "கேட்டுக்குங்கப்பா! இது திங்கக்கிழமை கடைக்காரனுக்குப் போகுது. மானத்தக் காப்பாத்துங்க. எங்க நம்ம கள்ளி?"

"கள்ளி! கள்ளி!" என்று மேஜைகளைத் தட்டினார்கள்.

ஆர்லிஸ் வெர்னனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவன் ஏதாவது சொல்வானா என்று காத்திருந்தாள். அவன் கையில் நாப்கின் இருந்தது, அதை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றி முக்காலியில் போட்டுவிட்டு மேடைக்குப் போனாள்.

குமிழைப் பாதி திருகினாள். சுண்டுவிரல் உள்ளே போனது. பாக்கெட் கைக்கு வந்தது. மணி அடிக்கவில்லை.

பிறகு பார் வெடித்தது. சீட்டி, கூச்சல், யாரோ குவளையால் மேஜையை இடித்தார்கள். டோர்ன்கூடச் சிரித்துவிட்டார். "அடப் பாவி! ஹூபர்ட், உங்க வெல்டும் போச்சா?"

"என் வெல்டு எங்கயும் போகல," என்றார் கிழவர்.

ஆர்லிஸ் கைப்பையைத் திறந்தாள். மூன்று பாக்கெட்டுகளை எடுத்து, இப்போது உருவியதன் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

"இது ப்ளஃப் ரோட்டுக் கடைல எடுத்தது," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் வாயை மூட, அடுத்தவர்கள் மூட, அப்படியே ஜன்னல் வரை அடங்கியது. "கேசட்ல இருக்கறது என் கைதான், எல்மர். ஒண்ணப் பிரிச்சாச்சு, அதுல ஒரு பிளேடு கொறையும். நாளைக்குக் காலைல கடைக்குப் போய் நானே சொல்லிடறேன். வெல்டுல ஒண்ணுமில்ல. எப்பவும் இருந்ததில்ல."

யாரும் கள்ளி என்று சொல்லவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை யார் வாய்க்கும் வரவில்லை. கடைக் கல்லாவில் நிற்கிற மார்ஜ் தன் மீனைப் பார்த்தாள். டோர்னின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே இருந்தது. ஆர்லிஸின் கழுத்து வரை சிவந்திருந்தது. ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள்.

டோர்ன் வெர்னன் பக்கம் திரும்பினார். "அப்போ வரைபடம்."

"ஆமா. வாய் அகலம். என் விரல வெச்சு அளந்தேன்."

"சரி, தப்பு எல்லாருக்கும் வரும்." டோர்ன் குரல் இறங்கியிருந்தது, ஆறுதலாகக்கூட இருந்தது. "உனக்கும் இப்பத்தான் தெரியுது, இல்லையா? இவ கையின்னு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பாரே நம்பியிருக்கும். பாவம், பெண்டாட்டி இப்படிப் பண்ணிட்டாளே என்று இரண்டு பேர் தோளில் கைகூடப் போட்டிருப்பார்கள். ஆர்லிஸ் மறுக்கமாட்டாள். அவளுக்கு இப்போது யாரையும் மறுத்துப் பேசுகிற நிலை இல்லை. வெர்னன் அதை எல்லாம் கணக்காக யோசித்தான், யோசித்ததையே நினைத்து வெட்கப்பட்டான்.

"இல்ல," என்றான். "செவ்வாக்கிழமையே தெரியும். உங்க ரூம்ல, படம் ஓடுறப்பவே. தெரிஞ்சுதான் வெல்டுன்னு சொன்னேன்."

டோர்ன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்டாண்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "லீராய், திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துருப்பா," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்து. "நான் வீட்டுக்கு வந்து பேசறேன்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அவருடைய மீன் மேடையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

லீராய் எழுந்து வந்தான். வெர்னன் மடித்த நாப்கினைக் கீழே வைத்தான். அடிக்க வருகிறான் என்றால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். லீராய் அவனைத் தாண்டி ஆர்லிஸிடம் போனான்.

"வா அக்கா, மீன் ஆறுது," என்றான்.

"நான் எப்பிடிடா அங்க வந்து..."

"வான்னா வா."

அவள் முழங்கையைப் பிடித்து ஜன்னலோர மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஜோனியின் முகம் தெளியவில்லை. ஆனால் சின்னவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியைக் காலியாக்கிக் கொடுத்தாள். பெரிய பெண் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அத்தையின் கைப்பக்கம் வைத்தாள். ஆர்லிஸ் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். லீராய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனில் எலுமிச்சை பிழிந்தான். அந்த மேஜைக்கு இன்னொரு நாற்காலி போடலாம், இடம் இருந்தது. சுவரோரம் மூன்று நாற்காலிகள் சும்மா கிடந்தன. யாரும் வெர்னன் பக்கம் திரும்பவில்லை.

பேச்சு மெல்லத் திரும்பி வந்தது, முதலில் தாழ்ந்த குரலில், பிறகு வழக்கம்போல. வெர்னனுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஏதோ காரணம் சொல்லி நகர்ந்திருந்தார்கள்.

டோரீன் சமையலறையிலிருந்து இரண்டு தட்டுகளோடு வந்தாள். உள்ளே எண்ணெய்ச் சத்தத்தில் அவளுக்கு நடந்தது எதுவும் கேட்டிருக்கவில்லை. ஒரு தட்டை ஆர்லிஸ் முன்னால் வைத்துவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"வெர்னன், உன் தட்ட எங்க வெக்கட்டும்?"

ஜன்னலோரத்தில் லீராய் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. வெர்னன் அந்த மேஜையைப் பார்த்தான், பார் மேடையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"சூடா இருக்குப்பா, கை சுடுது," என்றாள் டோரீன். "எங்க வெக்கட்டும், சொல்லேன்."